கேன் கிரீக் 40 ஹெட்செட்: நீளம் குறைந்த ஸ்டீரர் குழாய்க்கு ஏற்ற குட்டை மூடி

கேன் கிரீக் நிறுவனத்தின் 40 வரிசை ஹெட்செட்டை (ஃபிரேமின் தலைக்குழாயில் அமர்ந்து முன் ஃபோர்க்கைத் திரும்பவிடும் பேரிங் தொகுப்பு), அதிலும் உயரம் குறைந்த மேல்மூடி கொண்ட வகையை, என் மவுண்டன் பைக்குக்காக வாங்கியதற்கு ஒரே காரணம், ஃபோர்க்கிலிருந்து தலைக்குழாய் வழியாகக் கைப்பிடியை நோக்கி எழும் ஸ்டீரர் குழாயின் நீளம்தான். பழைய ஃபோர்க் தேய்ந்துபோனதால், அதே 140 மி.மீ. பயண அளவுள்ள (அதாவது அந்த அளவுக்கு அமுங்கும்) ராக்‌ஷாக்ஸ் ‘பைக்’ (Pike) மாடல் ஃபோர்க் ஒன்றைப் பயன்படுத்திய நிலையில் வாங்கினேன். உள்குழாய்களில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இல்லை. விலையும் நியாயமாக இருந்தது. விற்றவர் தமது சிறிய அளவு ஃபிரேமுக்கேற்பக் குழாயை முன்பே வெட்டியிருந்தார். என் ஃபிரேமுக்கு அது 5 மி.மீ. குறையும் என்பதை அளந்து பார்த்து, அந்தக் குறையை ஹெட்செட்டில் ஈடுசெய்துகொள்ளலாம் என்று கணக்கிட்ட பிறகே வாங்கினேன்.

கணக்கு எளிமையானது. ஃபிரேமின் தலைக்குழாய் 110 மி.மீ.; ஃபோர்க்கின் தோள்பகுதியான கிரவுனுக்கும் தலைக்குழாயின் கீழ்விளிம்புக்கும் இடையே ஹெட்செட்டின் கீழ்ப்பகுதி 3 மி.மீ.; மேலே பழைய ஹெட்செட்டின் கூம்பு மூடி 15 மி.மீ.; கைப்பிடியை ஸ்டீரர் குழாயோடு பிணைக்கும் ஸ்டெம்மின் உயரம் 40 மி.மீ. எல்லாம் சேர்ந்து 168 மி.மீ. ஆகின்றன. எல்லாவற்றுக்கும் உச்சியில் திருகப்படும் சிறு மூடியான டாப் கேப் கீழ்நோக்கி அழுத்தி பேரிங்குகளின் ஆட்டத்தை நீக்க வேண்டுமானால், குழாயின் முனை அடுக்கின் உச்சியிலிருந்து ஏறத்தாழ 3 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே தேவைப்பட்ட நீளம் 165 மி.மீ.; கையில் இருந்தது 160 மி.மீ.

‘ஐந்து மில்லிமீட்டர்தானே, அப்படியே போட்டு முடுக்கிவிடலாம்’ என்ற யோசனையைப் பணிமனைகளிலும் நண்பர்களிடமும் அடிக்கடி கேட்கிறோம். அப்படிப் பொருத்தினாலும் டாப் கேப் தன் வேலையைச் செய்யும், பேரிங்கில் ஆட்டம் இருக்காது, வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆனால் குழாயின் முனை ஸ்டெம்மின் மேல்விளிம்பிலிருந்து 8 மி.மீ. கீழே நின்றுவிடும், 40 மி.மீ. பிடிமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். என் ஸ்டெம்மில் மேல் போல்ட்டின் மையம் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. கீழே இருக்கிறது. அந்த போல்ட்டை முடுக்கும்போது, உள்ளே முட்டுக்கொடுக்கக் குழாய் இல்லாத இடத்தில் ஸ்டெம்மின் உலோகம் உள்நோக்கி வளையும். அழுத்தம் முழுவதும் குழாயின் வெட்டு விளிம்பில் போய்க் குவியும். கைப்பிடியின் மீது நம் உடல் எடை விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்புதான் அடி வாங்கும். கற்கள் நிறைந்த இறக்கத்தில் கைப்பிடி கழன்றாலோ குழாய் விரிசல் விட்டாலோ ஓட்டுபவருக்குப் பற்றிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஆகவே இந்த இடத்தில் சமரசம் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

மாற்று வழிகளையும் ஆராய்ந்தேன். இக்காலத்து ஃபோர்க்குகளில் ஸ்டீரர் குழாய் கிரவுனுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டு, உள்குழாய்களோடு சேர்ந்து ஒரே பாகமாக வருகிறது. நீளக் குழாய் வேண்டுமென்றால் அந்தப் பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதால், பயன்படுத்திய ஃபோர்க்கை வாங்கியதில் மிச்சமான பணம் அதிலேயே கரைந்துவிடும். குழாய்க்குள் செருகி நீட்டிக்கும் துண்டுகள் நகரச் சாலை சைக்கிள்களுக்காக விற்கப்படுகின்றன. மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளில் அவற்றை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன். உயரம் குறைந்த ஸ்டெம் வாங்குவது நல்ல வழிதான். 30 முதல் 35 மி.மீ. உயரத்தில் தரமான ஸ்டெம்கள் கிடைக்கின்றன. என் பழைய ஹெட்செட்டின் பேரிங்குகள் ஏற்கெனவே கரகரக்கத் தொடங்கியிருந்ததால், எப்படியும் செய்ய வேண்டிய செலவை அங்கேயே செய்ய முடிவெடுத்தேன்.

ஹெட்செட் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் மேல்பகுதியின் குறியீடு இசட்எஸ்44/28.6/எச்8 என்பதாகும். இசட்எஸ் என்றால் பேரிங் கிண்ணம் தலைக்குழாய்க்குள் அடங்கும் வகை, தலைக்குழாயின் உள்விட்டம் 44 மி.மீ., ஸ்டீரர் குழாயின் மேல்விட்டம் 28.6 மி.மீ., தலைக்குழாய்க்கு மேலே எழும் உயரம் 8 மி.மீ. என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இதே ஹெட்செட் எச்15 என்ற உயரமான மூடியோடும் வருகிறது. பார்வைக்கு அதுதான் அழகு என்பதால் கடைகள் பலவற்றில் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 7 மி.மீ.; எனக்குத் தேவைப்பட்டது 5 மி.மீ. இந்த மூடியை மட்டும் வாங்கிப் பழைய ஹெட்செட்டின் மேல் வைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: மூடிக்கு அடியில் பேரிங்கின் மீது அமரும் அமுக்கு வளையத்தின் சரிவும் பேரிங்கின் உள்சரிவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில பேரிங்குகளில் அது 36 பாகை, சிலவற்றில் 45 பாகை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைப் பாகங்களாக இல்லாவிட்டால் முழுத் தொகுப்பையும் வாங்குவதே முறை.

கீழ்ப்பகுதியில் கை வைத்து மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்க முயல வேண்டாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஃபிரேம் இடம் கொடுத்தால் உள்ளடங்கிய கிண்ணத்தைப் பொருத்தி ஏறத்தாழ 10 மி.மீ. பெற்றுவிடலாம் என்பது கணக்கில் உண்மை. ஆனால் சைக்கிளின் முன்பகுதி அந்த அளவுக்குத் தாழும், தலைக்கோணம் (தலைக்குழாயின் சாய்வு) ஏறக்குறைய அரை பாகை செங்குத்தாகும், கைப்பிடி திரும்பும்போது கிரவுனின் மேலுள்ள திருகு கீழ்க்குழாயில் மோதவும் வாய்ப்புண்டு. மேல்மூடியைக் குறைப்பதால் இவற்றில் எதுவும் நேர்வதில்லை.

புதிய மூடியோடு மொத்த உயரம் 161 மி.மீ. ஆனது. 160 மி.மீ. குழாய்க்கு 1 மி.மீ. இடைவெளி போதாது என்பதால் 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்) ஒன்றைச் சேர்த்தேன். அதை ஸ்டெம்முக்குக் கீழே வைக்காமல் மேலே வைத்தேன். அப்படி வைத்தால் குழாய் ஸ்டெம்மின் விளிம்புவரை ஏறி நிற்கிறது, பிடிமானமும் ஏறக்குறைய முழுமையாகிறது. பொருத்தும் வேலையில் கிண்ணங்கள் கோணாமல் இறங்க வேண்டும். அதற்குரிய அழுத்துகருவியைப் பயன்படுத்தியதால் கிண்ணங்கள் நேராகவே அமர்ந்தன, கடைசல் துல்லியமாக இருப்பதும் அப்போது தெரிந்தது. டாப் கேப்பின் போல்ட் பற்றிக்கொள்ளும் ஸ்டார் நட், குழாயின் வாயிலிருந்து ஏறத்தாழ 15 மி.மீ. ஆழத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் டாப் கேப்பை ஆட்டம் நீங்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, சக்கரத்தை நேர்ப்படுத்தி, அதன் பின்னரே ஸ்டெம் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, ஸ்டெம்மின் மீது அச்சிட்டிருக்கும் 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினேன். முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு, மூடியும் தலைக்குழாயும் சேரும் இடத்தில் விரலை வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் ஆட்டம் விரலுக்குத் தெரிந்துவிடும். பெரிய கற்கள் நிறைந்த இறக்கங்களில் ஓட்டிய பிறகு இதே சோதனையைச் செய்தபோதும் ஆட்டம் தென்படவில்லை.

கைப்பிடியின் உயரம் குறைவதுதான் இந்தத் தீர்வுக்கு நாம் கொடுக்கும் விலை. முன்பு ஸ்டெம்முக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசரும் வைத்திருந்தேன்; இப்போது அதற்கு இடமில்லை. மூடியையும் சேர்த்தால் ஸ்டெம் 17 மி.மீ. கீழிறங்கிவிட்டது, தலைக்கோணம் 66 பாகை என்பதால் கைப்பிடி ஏறக்குறைய 7 மி.மீ. முன்னேயும் நகர்ந்தது. 20 மி.மீ. ஏற்றமுள்ள கைப்பிடியை மாற்றி 35 மி.மீ. ஏற்றமுள்ளதைப் பொருத்தியதும் உயரம் ஏறத்தாழ மீண்டது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் முதுகு வலித்திருக்கும். கைப்பிடி முழுவதும் திரும்பும்போது பிரேக் நெம்புகோல் மேல்குழாயில் இடித்திருக்கவும் கூடும். ஆகவே ஹெட்செட்டின் விலையோடு ஒரு கைப்பிடியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். குறைவு 10 மி.மீ.க்கு மேல் இருந்தால், ஹெட்செட், ஸ்டெம் இரண்டையும் மாற்றி எப்படியோ பொருத்தினாலும் சைக்கிளின் உடல்வாகே மாறிவிடும். அத்தகைய ஃபோர்க்கை விற்பவரிடமே விட்டுவிடுவது நல்லது.

பொருளின் தரத்தில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. 40 வரிசையில் வருபவை கருப்பு ஆக்சைடு பூசிய எஃகு பேரிங்குகள். துருப்பிடிக்காத எஃகு வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் விலை கூடிய 110 வரிசைக்குப் போக வேண்டும். மேல் பேரிங்கை ரப்பர் வளையம் நன்றாகவே காக்கிறது. சக்கரம் வாரி அடிக்கும் சேறும் நீரும் நேரே வந்து விழும் கீழ் பேரிங்குதான் மழைக்காலத்தில் முதலில் பழுதாகும். பொருத்தும்போதே பேரிங்கின் வெளிப்புறத்திலும் கிண்ணத்தின் உள்விளிம்பிலும் நீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசிவிட்டேன். மழைக்காலம் முடிந்ததும் ஃபோர்க்கைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பூசுகிறேன். கீழ் பேரிங் தனியாகவும் கிடைக்கிறது என்பதால், வாங்கும்போதே 40 மி.மீ. உள்விட்டமும் 52 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட அந்த பேரிங்கில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாம்.