ஜாம் ஆன எஞ்சினை "அரை நாளில் ஃப்ரீ பண்ணிட்டோம்" என்றால் சந்தேகப்படுங்கள்

பழைய வண்டியின் எஞ்சினை வெளியே கொடுத்து வேலை வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இங்கே சொல்லப்போவது ஒற்றை சிலிண்டர் கொண்ட 350 சி.சி. பிரிட்டிஷ் பைக் எஞ்சின். வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்), அலுமினிய பிஸ்டன். வருடக்கணக்கில் நின்றதில் பிஸ்டன் ரிங்குகள் துருவோடு போரில், அதாவது சிலிண்டர் துளையின் சுவரில், ஒட்டி, கிக்கர் அசையவில்லை. விண்டேஜ் வண்டி மட்டுமே பார்ப்பதாகச் சொன்ன ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் காலையில் போனது. மதியமே போன்: "ஃப்ரீ ஆயிடுச்சு சார், நல்லா ஊற வச்சு பக்குவமா எடுத்தோம்." பில்லிலும் ஊறவைத்த கூலி இருந்தது. பேரலுக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட் வேறு.

அரை நாளில் எண்ணெய் ஊறித் துருப்பிடித்த ரிங்கை விடுவிப்பது அரிது. அதனால் மாட்டுவதற்கு முன் முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பிஸ்டன் தலையை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சுத்தியல் முகத்தின் பிறை வடிவத் தடம் மூன்று தெரிகிறது. மேல் ரிங் பள்ளத்தின் விளிம்பு ஒரு பக்கம் அமுங்கி, ரிங் அங்கே கவ்விக்கொண்டு நிற்கிறது. மரக்கட்டைகூட வைக்காமல் நேராக அடித்திருக்கிறார்கள்.

அதைவிட மோசம், கொடுக்கும்போது பிஸ்டன் கிட்டத்தட்ட கடைசி வரை கீழே இறங்கிய நிலையில் நின்றது. அந்த நிலையில் கிராங்க் பின், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் ராட், பிஸ்டன் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். மேலே எவ்வளவு அடித்தாலும் கிராங்க் சுற்றாது. அடி மொத்தமும் ராடுக்கும், அதன் கீழ்முனையில் (பிக் எண்ட்) உள்ள ரோலர் பேரிங்குக்கும்தான் போகும். ராட் வளையும், ரோலர் ஓடும் பாதையில் குழி விழும். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

ராடைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பேரல் உட்காரும் கிராங்க்கேஸ் வாயின் இரு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு சதுரக் கம்பியை வையுங்கள். ராடின் மேல்முனையில் (ஸ்மால் எண்ட்) பிஸ்டனைப் பிடிக்கும் குட்ஜன் பின்னை நுழைத்து, கிராங்கை மெல்லத் திருப்பி, அந்த குட்ஜன் பின் கம்பிகள் மேல் உட்காரும்படி இறக்குங்கள். ராட் நேராக இருந்தால் இரு பக்கமும் ஒன்றாகத் தொடும். இந்த எஞ்சினில் இடது பக்கம் தொட்டு நின்றபோது, வலது பக்கம் 0.20 மி.மீ. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் தகடு) தடையில்லாமல் உள்ளே போனது.

அடுத்து பேஸ் ஸ்டட்டுகள், அதாவது பேரலைக் கிராங்க்கேஸோடு பிடிக்கும் மரைத் தண்டுகள். நான்கில் ஒன்று கையால் ஆட்டினாலே ஆடியது. இழுத்தால் எப்பாக்ஸி பசையோடு உருவிக்கொண்டு வந்தது! உள்ளே பழைய ஸ்டட்டின் முறிந்த கட்டை, அதற்குள் முறிந்த எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த ஸ்டட்டைக் கழற்றும் கருவி), மேலே எப்பாக்ஸி நிரப்பி ஒரு துண்டு ஸ்டட்டைப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஓடும்போது பேரல் தூக்கிக்கொண்டிருக்கும். இதை அறியாமை என்று விட்டுவிட முடியவில்லை. தெரிந்தே மூடியிருக்கிறார்கள்.

பக்கத்து ஓட்டையில் எம் 8 டேப் (மெட்ரிக் மரை வெட்டும் கருவி) ஓட்டியிருக்கிறார்கள். அங்கே இருந்தது 5/16 அங்குல பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரிட்டிஷ் மரை, அதாவது அங்குலத்துக்கு 22 மரை, பிட்ச் (மரைக்கு மரை தூரம்) 1.155 மி.மீ. எம் 8-இன் பிட்ச் 1.25. விட்டம் 7.94-க்கு 8 என்று கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் முதல் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், ஏமாற்றிவிடும். பிறகு இறுகும்போது அலுமினிய மரையை அரைத்துக்கொண்டு போகும். நட்டுகளின் மூலையும் உருண்டிருந்தது. அந்த நட்டுக்கு வேண்டியது கால் அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பானர், வாய் 13.3 மி.மீ. 13 உள்ளே போகாது என்று 14 போட்டால் மூலைதான் போகும். வேலைக்குக் கொடுக்கும் முன் "விட்வொர்த் ஸ்பானர் செட் இருக்கா, காட்டுங்க" என்று கேட்டிருந்தாலே பாதி விஷயம் புரிந்திருக்கும்.

புதுப் பெயின்ட்டின் காரணமும் தெரிந்தது. சுரண்டினால் பேரலின் ஒரு ஃபின்னின் (சூடு தணிக்கும் தகடு) அடியில் விரிசல், அதன் மேல் ஃபில்லர் பசை. கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டினால் வார்ப்பிரும்பு இப்படித்தான் வெடிக்கும்.

இதே எஞ்சினை எப்படி எடுத்திருக்க வேண்டும்? முதலில் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் மேலே ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெய்) ஆயிலும் அசிட்டோனும் சம அளவு, 50 மில்லிக்கு 50 மில்லி, நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். இரண்டும் தாமாகக் கலந்து நிற்காது, அசிட்டோன் பறந்தும் போகும். அதனால் பேரல் வாயை மூடி வைத்து, தினமும் புதிதாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் தின்னும். மட்டம் இறங்க ஆரம்பித்தால் எண்ணெய் ரிங்கைத் தாண்டுகிறது என்று அர்த்தம். ஒரு வாரம் என்பது குறைந்தபட்சம்.

அப்படியும் அசையாவிட்டால் எண்ணெயை முழுக்க வடித்து, அசிட்டோன் வாடை போகும்வரை காயவிட்டு, தீ இல்லாத ஹீட் கன்னால் பேரலைச் சுற்றிச் சுற்றி 100 டிகிரி அளவுக்குச் சீராகச் சூடாக்கி ஆறவிட வேண்டும். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 70 மி.மீ. போரில் 100 டிகிரி ஏறினால் பிஸ்டன் சுமார் 0.16, பேரல் சுமார் 0.08 மி.மீ. விரிகிறது. சூட்டில் பிஸ்டன் இறுகித் துருவை நசுக்கும், ஆறும்போது சுருங்கி விலகும். பலன் ஆறும்போதுதான் கிடைக்கிறது, அதனால் சூடாக இருக்கும்போது தள்ளிப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி எண்ணெய். பிரேக் கிளீனர் அடித்த பாகத்தை மட்டும் சூடாக்கவே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும்.

பிறகுதான் விசை. பேஸ் நட்டுகளைக் கழற்றிவிட்டு, பேரலின் மேல்முகத்தில் ஹெட் போல்ட் ஓட்டைகளைப் பிடித்து ஒரு கனமான இரும்புப் பட்டையைப் பூட்டுங்கள். பட்டையின் நடுவில் மரை போட்ட ஓட்டை, அதில் ஒரு போல்ட், போல்ட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் போரைவிடச் சற்றே சிறிய கெட்டி மரவட்டு. போல்ட்டை முறுக்கினால் பிஸ்டனைக் கீழே அழுத்தியபடி பேரல் மேலே ஏறும். விசை பிஸ்டனுக்கும் பேரலுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. ராடுக்கும் பேரிங்குக்கும் போவதே இல்லை. கால் சுற்று முறுக்கி, சில மணி நேரம் விட்டு, மறுபடி கால் சுற்று. ஜாம் ஆன பிஸ்டன் ஒரு "டக்" சத்தத்தோடு விடும். அதற்கு முன் அவசரப்பட்டால் பட்டையைப் பிடித்த மரைதான் உருவும்.

கம்ப்ரஸர் காற்றை பிளக் ஓட்டை வழியே அடித்துத் தள்ளலாம் என்று சொல்பவர்களிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள். அடைபட்ட காற்று ஒரே நொடியில் விடுபடும்போது பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கக் கூடாது, ஸ்டட் முறிந்தால் அப்படியே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும், கழற்றிய பழைய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வந்ததும் ஒவ்வொரு ஸ்டட்டிலும் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, லேசாகத் திருப்பி, ஸ்டட் ஆடாமல் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள்.

இந்த எஞ்சினில் அந்த முறிந்த எக்ஸ்ட்ராக்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் வழுக்கி அலுமினியத்தைத் தோண்டிவிடும். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் கிடைத்தால் நல்லது. கிடைக்காதவர்களுக்குப் படிகாரம் இருக்கிறது. கிராங்க்கேஸிலிருந்து பேரிங், புஷ், டவல் (பாகங்களை இடம் பொருத்தும் முளை) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டி, வெந்நீரில் இனிக் கரையாது என்கிற அளவுக்குப் படிகாரம் கரைத்து ஊற்றிச் சூடாகவே வைத்திருந்தால், எஃகிலிருந்து குமிழி வர ஆரம்பிக்கும். எஃகு கறுப்புச் சகதியாகக் கரையும், அலுமினியம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நாள்கணக்கில் ஆகும். நடுநடுவே சகதியைப் பிரஷ்ஷால் துடைத்துப் புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் கரையாது. எக்ஸ்ட்ராக்டர் போனபின், கெட்டுப்போன இரண்டு ஓட்டைகளுக்கும் 5/16 பி.எஸ்.எஃப். இன்சர்ட் (ஓட்டைக்குள் பொருத்தும் புது மரை). வளைந்த ராடுக்கு நிமிர்த்தல் கிடையாது, வேறு ராடுதான்.