மழையிலும் நிற்காத சைக்கிள்: ஏழு வருட அனுபவம்

சைக்கிள் குழுவில் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. இதற்குள் இரண்டு சைக்கிள், மூன்று மழை ஜாக்கெட், இரண்டு ட்ரெய்னர் (வீட்டுக்குள் சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தியபடியே ஓட்ட உதவும் கருவி), கணக்கில்லாத டியூப் என்று நிறையப் பார்த்துவிட்டேன். எது உழைத்தது, எது காலை வாரியது என்று ஒருமுறை உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது நீண்ட நாள் நினைப்பு. நான் ரேஸ் ஓட்டுபவன் அல்ல. வாரம் இரண்டு மூன்று ரைடு, விடுமுறை நாளில் 60, 70 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆனால் மழை, காற்று, குளிர் என்று வானிலை கெட்டுக் கிடக்கும் மாதங்களிலும் விடாமல் ஓட்டுகிறேன்.

குழுவுக்கு முன் தனியாக ஓட்டிய மூன்று வருடமும் ஒரே கதைதான். இரண்டு மாதம் ஒழுங்காகப் போவேன். ஒரு வாரம் மழை பிடிக்கும். விடியற்காலையில் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பேன்; போகலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் நிற்பேன்; திரும்பிப் போய்ப் படுத்துவிடுவேன். மழை விட்ட பிறகும் ஒரு வாரம் அதே பழக்கம் தொடரும். மறுபடி ஏறி உட்காரும்போது, முன்பு சுலபமாக ஏறிய மேட்டில் மூச்சு வாங்கும். நனைந்ததால் பாதியில் விட்ட ரைடு என்று பார்த்தால் ஒன்றிரண்டு இருக்கும். மற்றதெல்லாம் கதவருகே நின்று விட்டவைதான்.

குழுவில் சேர்ந்ததும் அந்த ஐந்து நிமிட யோசனைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வருகிறவர்கள் முந்தின இரவு 9 மணிக்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். ரைடு உண்டா இல்லையா என்பதை அன்றைக்கு வழிநடத்துபவர் காலை 5 மணிக்குச் சொல்வார். உண்டு என்றால் உண்டு. முச்சந்தியில் நான்கு பேர் விளக்கைப் போட்டுக்கொண்டு எனக்காக நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு போர்வைக்குள் புரள மனம் வராது. இத்தனை வருடத்தில் வாங்கிய எந்தப் பொருளும் இந்த ஒரு ஏற்பாட்டுக்கு ஈடாகவில்லை.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது. நான் முதலில் சேர்ந்தது வேறொரு குழு; வேகம்தான் அங்கே எல்லாம். ஒரு மழை நாளில் மேட்டின் நடுவே எனக்குப் பின் டயர் பஞ்சர். கத்திப் பார்த்தேன், யாரும் திரும்பவில்லை. விரல்கள் மரத்துப்போய், டயரை ரிம்மிலிருந்து பிரிக்கவே முடியாமல் நாற்பது நிமிடம் போராடினேன். அடுத்த வாரம் அங்கே போகவில்லை. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பின்தங்குபவருக்காகக் குழு நிற்குமா என்பதுதான். சராசரி வேகம் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

குழுவாகப் போவதால் உடம்புக்கும் லாபம் உண்டு. சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். இன்னொருவரின் பின்னால் ஒட்டி வந்தால் அந்தச் சுமையில் கணிசமான பங்கு குறைந்துவிடும். எதிர்காற்று வீசும் நாளில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். முன்னால் இருப்பவர் இரண்டு நிமிடம் இழுத்துவிட்டு ஒதுங்குவார், அடுத்தவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். தனியாக இருந்தால் திட்டிக்கொண்டே வீடு திரும்பியிருக்க வேண்டிய காற்றில் இப்படி 50 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறோம்.

ஆனால் மழையில் அந்த ஒட்டுதல் ஆபத்து. ஆரம்பத்தில் நான் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தையே வெறித்துக்கொண்டு வருவேன். எங்கள் குழுவில் வயதில் மூத்த அக்கா ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, “தம்பி, சக்கரத்தைப் பாக்காதீங்க. அவரோட தோளைத் தாண்டி ரோட்டைப் பாருங்க. நனைஞ்ச ரோட்டுல ஒரு சைக்கிள் நீளமாவது இடம் விடுங்க” என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். வெகுநாள் கழித்துப் பெய்யும் மழையில் முதல் சில நிமிடம்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழவழப்பாகிவிடும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ஈரச் சருகு இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். முன்னால் போகிறவர் “குழி!” என்று குரல் கொடுத்தால் கடைசி ஆள் வரைக்கும் அதைக் கடத்த வேண்டும், தேங்கிய தண்ணீரில் குழி கண்ணுக்குத் தெரியாது.

சரி, பொருட்களுக்கு வருகிறேன். முதலிடம் மட்கார்டுக்கு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இந்தக் குழுவோடு போன முதல் மழை ரைடில் என் சைக்கிளில் மட்கார்டு கிடையாது. பந்தய சைக்கிளுக்கு அது அழகில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு மணி நேரம் என் பின்னால் வந்தவர் நின்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். கண் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, முகம் முழுக்கச் சேற்றுப் புள்ளி. உதட்டோரத்தில் மணல். என் பின் சக்கரம் வாரி இறைத்ததுதான் அத்தனையும். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் தன்னிடமிருந்த பழைய மட்கார்டு ஜோடியை எடுத்துவந்து, ரைடு தொடங்கும் முன் அவரே மாட்டிவிட்டார். நுனியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்கும் ரப்பர் மடல். அந்த மடல்தான் முக்கியம். அது இல்லாத மட்கார்டு ஓட்டுபவரின் முதுகைக் காப்பாற்றும், பின்னால் வருபவரின் முகத்தைக் காப்பாற்றாது. சீட் கம்பியில் மாட்டும் குட்டி மட்கார்டுகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். அவசரத்துக்கு ஆகும், குழு ரைடுக்கு ஆகாது. முழு நீள மட்கார்டில் ஒரே தொந்தரவு, போல்ட் தளர்ந்து கடகடக்கும். மாதம் ஒருமுறை இறுக்கினால் போதும்.

அடுத்து ஜாக்கெட். முதலில் வாங்கியது பிளாஸ்டிக் போன்ற ஒன்று. மழை உள்ளே வரவில்லை, என் வியர்வையும் வெளியே போகவில்லை. இரண்டாவது விலை கூடிய, நீராவியை வெளியேற்றும் சவ்வு வைத்த ஜாக்கெட். அதன் தையல் மேல் ஒட்டிய பட்டை இரண்டாவது வருடமே உரிந்து வந்தது. நிறுவனத்துக்கு எழுதினால், நான் துவைத்த முறை தவறு என்று பதில் வந்தது. அதில் பாதி உண்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுத்தான் துவைத்திருந்தேன். வெளித்துணியின் நீர் ஒட்டாத பூச்சை அது கெடுத்துவிடும். பட்டை உரிந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை.

அந்தச் சவ்வு வேலை செய்வது, உள்ளே ஈரப்பதம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்போதுதான். புழுக்கமான மழையில் வெளியிலும் ஈரம் நிறைந்திருப்பதால் எவ்வளவு உயர்ந்த ஜாக்கெட்டும் உள்ளே நனைந்துவிடும். அதனால் மூன்றாவது வாங்கும்போது விளம்பர எண்களைப் பார்க்கவில்லை. அக்குளில் திறக்கும் ஜிப், குனிந்து ஓட்டும்போதும் இடுப்பை மூடும் நீண்ட பின்பகுதி, ஓரளவு உடம்போடு ஒட்டிய அளவு, இவை மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நான்கு வருடமாக அதுதான். மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிட்டேன். குளிராமல் இருந்தால் போதும். உள்ளே பருத்தி பனியன் கூடாது, தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெல்லிய கம்பளி பனியன் நனைந்தாலும் கதகதப்பாக இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிய இன்னொரு ஜோடி கையுறை எப்போதும் முதுகுப் பாக்கெட்டில் இருக்கும். பாதி வழியில் அதை மாட்டும்போது கிடைக்கும் சுகத்தை நனைந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பழைய சைக்கிளில் ரிம் பிரேக். மழையில் பிடித்தால் முதல் சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் நிற்கவே யோசிக்கும். அந்த நேரத்துக்குள் பல அடி தாண்டிவிடும். ஒவ்வொரு மழை ரைடுக்குப் பிறகும் ரிம்மில் கரும்சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வழியும். தேய்ந்த அலுமினியமும் ரப்பரும் கலந்தது. பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பொடிப் பொடியாக அலுமினியச் சில் மின்னும். ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்காவிட்டால் அவை ரிம்மை அரம்போல் ராவும். ஒரு மழைக் காலத்தில் ஒரு ஜோடி கட்டை போய்விடும். இப்போதைய சைக்கிளில் டிஸ்க் பிரேக். மழையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடிக்கிறது. ஆண்டு முழுவதும் ஓட்டுபவர்களுக்கு இதையே சொல்வேன்.

டயரை 25 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 32-க்கு மாற்றினேன், காற்றைக் குறைத்து ஓட்டுகிறேன். வேகம் குறைந்ததாக உணரவில்லை. பிடிப்பும் சொகுசும் கூடியிருக்கின்றன. மழையில் பஞ்சர் அதிகம் என்பது உண்மைதான். ஈரம் பட்ட கண்ணாடித் துண்டு ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

செயினை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அளப்பேன். 12 முழுக் கண்ணி (உள்கண்ணி ஒன்றும் வெளிக்கண்ணி ஒன்றும் சேர்ந்தது ஒரு முழுக் கண்ணி) புதிதில் 304.8 மில்லிமீட்டர், அதாவது சரியாக 12 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் மாற்றிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேயும்.

போகக் கூடாத நாட்களும் உண்டு. இடி, தள்ளாட வைக்கும் சூறைக்காற்று, உறைந்த ரோடு, ரோட்டுக்கு மேல் ஓடும் தண்ணீர், இந்த நான்கில் எது இருந்தாலும் ரைடு இல்லை. ஒருமுறை பாதி வழியில் மின்னியது. வழிநடத்தியவர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டில் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. ஆக மின்னல் 4 கிலோமீட்டர் தொலைவில்தான். முப்பதுக்குள் கேட்டாலே ஒதுங்கிவிட வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்குள் போய் எல்லாரும் வீட்டுக்குத் தகவல் சொன்னோம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் அவர் கிளம்ப விடவில்லை. இரண்டு முறை இடி மறுபடி கேட்டது, இரண்டு முறையும் கடிகாரம் முதலிலிருந்து. அந்தக் காலையில் மொத்தம் 22 கிலோமீட்டர்தான் ஓட்டினோம். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

அப்படிப்பட்ட நாட்களுக்குத்தான் ட்ரெய்னர். முதலில் வாங்கியது பின் டயரை உருளையில் அழுத்தி ஓட்டும் வகை. சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது, டயரும் தேய்ந்தது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டும் வகைக்கு மாறிய பிறகு நிம்மதி. ஆனால் ட்ரெய்னரைவிட முக்கியம் மின்விசிறி. வெளியே ஓட்டும்போது காற்றே நம்மைக் குளிர்விக்கும். அறைக்குள் அது இல்லாததால் இருபது நிமிடத்தில் உடம்பு கொதிக்கும். ஹேண்டில்பார் மேல் துண்டு போட மறந்துவிடாதீர்கள். வியர்வை உப்பு என் பழைய சைக்கிளின் ஹேண்டில்பார் போல்ட்டை அரித்து, கழற்றவே முடியாமல் ஆக்கிவிட்டது.

தனியாக ட்ரெய்னரில் ஓட்டியபோது பதினைந்து நாளில் அலுத்துவிட்டது. பிறகு குழுவில் ஒரு ஏற்பாடு செய்தோம். ரைடு ரத்தானால் அதே நேரத்தில் எல்லாரும் வீட்டில் ட்ரெய்னரில் ஏறி, வீடியோ அழைப்பில் சேர வேண்டும். 50 நிமிடம். பேசிக்கொண்டே முதல் பாதி, மூச்சு வாங்கிக்கொண்டே மறுபாதி. வாரத்தில் மூன்று நாள் இப்படிச் செய்தால் 150 நிமிடம் ஆகிவிடும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாராந்தரக் குறைந்தபட்ச அளவும் அதுதான். ட்ரெய்னர் இல்லாத இரண்டு பேர் அந்த நேரத்தில் படிக்கட்டு ஏறி இறங்குகிறார்கள். ஒன்று மட்டும்: மூன்று வாரம் தொடர்ந்து அறைக்குள்ளேயே ஓட்டிவிட்டு வெளியே போனால் கால் தயாராக இருக்கும், ஆனால் வண்டி நேராகப் போகாது. முதல் ரைடை நிதானமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மழை ரைடு முடிந்து வந்தால், குளிப்பதற்கு முன் சைக்கிளுக்குப் பதினைந்து நிமிடம். செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணிப்பது, ஒரு மணி நேரம் கழித்து அதை மாற்றுவது. கனமழை என்றால் சீட் கம்பியை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். முதல் தடவை செய்தபோது ஃப்ரேமுக்குள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது.

போன வார மழையில் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவரின் பின்னால் ஓட்டினேன். மட்கார்டு இல்லை, என் கண்ணாடி முழுக்கச் சேறு. அவர் டயர் அளவை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்: 28 மில்லிமீட்டர். எனக்கு அன்று மாட்டிவிட்ட அந்தப் பழைய ஜோடி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. ரப்பர் மடல் ஒன்று மட்டும் புதிதாக வெட்டிப் பொருத்த வேண்டும்.