கடற்காற்றில் ஒரு 150 சிசி பைக்: திருவான்மியூரிலிருந்து பராமரிப்பு அனுபவம்

2020-இல் வாங்கிய பி.எஸ்.6 (புகை வெளியேற்ற விதி) வகை 150 சிசி பைக்கை இன்றுவரை நானே ஓட்டி, பெரும்பாலான வேலைகளை அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்திலேயே செய்துவருகிறேன். இந்த ஆண்டுகளில் இன்ஜின் என்னிடம் அதிகமாக எதையும் கேட்டதில்லை. கடற்கரைக்கு அருகில் வசிப்பவரின் உழைப்பையும் பணத்தையும் வாங்குபவை உப்புக்காற்றும், மணலும், வடகிழக்குப் பருவமழை தெருவில் தேக்கும் தண்ணீரும்தான்.

முதலில் அடி வாங்குவது செயின். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுவது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மழைக்காலத்தில் நான் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, நனைந்து வந்த அன்றே காயவைத்து எண்ணெய் இட்டுவிடுகிறேன். ஓ-ரிங் செயினை, அதாவது இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள செயினை, மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைப்பதே போதுமானது. பெட்ரோல் ரப்பர் வளையங்களைக் கெடுத்து, உள்ளிருக்கும் கிரீஸை வெளியேறவிடும். துடைத்த பிறகு இ.பி. 90 கியர் ஆயிலை உட்புறமாக மெல்லிய படலமாக இட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் வழியும் செயினில் கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டால், அந்தக் கலவையே ஸ்ப்ராக்கெட் பற்களை அரத்தைப்போல் தேய்த்துவிடும். தொய்வு என் வண்டியின் கையேட்டின்படி 25 முதல் 35 மில்லிமீட்டர். அதைச் சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் நம்மூரில் அதிகம். ஆனால் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த இறுக்கம் முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேல் விழுகிறது.

இன்ஜின் ஆயில் மாற்றுவது எளிய வேலை. கையேடு சொல்லும் கிரேடோடு பைக் ஆயிலுக்கான தரக்குறியான ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2-வும் டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் இவ்வகை பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மழைநீரில் வண்டி மூழ்கிவிட்டால் செல்ஃப் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று சோதித்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்யலாம்.

கூடுதல் பொருத்தங்களில் நான் கஞ்சன். இரட்டை ஹாரன் மட்டும் போட்டேன். அதையும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்துத்தான் போட்டேன். பழைய ஹாரனின் இரண்டு ஒயர்களையும் ரிலேயின் 85, 86 முனைகளில் செருகி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கும், 87-இலிருந்து ஹாரன்களுக்கும் ஒயர் இழுத்து, ஹாரன்களின் மறுமுனையை எர்த் செய்தால், கம்பெனி ஒயரிங்கில் ஓர் இடத்தையும் வெட்ட வேண்டியதில்லை. 35 வாட் பல்பை எடுத்துவிட்டு 60 வாட் போடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. 2017 ஏப்ரல் முதல் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிவது இருசக்கர வாகனங்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. ஆகவே சுமார் 3 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்காத ஒயரும் ஹோல்டரும் 5 ஆம்பியரைப் பகல் முழுக்கச் சுமந்து உருகுகின்றன. ஜி.பி. ரோட்டுக் கடைகளில் தொங்கும் ஓசைமிக்க சைலன்சர்களைப் பற்றி எனக்கு ரசனை சார்ந்த எதிர்ப்பும் உண்டு. அதை விட்டுவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

முன் ஃபோர்க் ஆயில் சீலையும் டிஸ்க் பிரேக் ஃப்ளூயிடையும் நான் தொடுவதில்லை. டாட் 4 ஃப்ளூயிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மெக்கானிக்கிடம் மாற்றிக்கொள்கிறேன். வீட்டில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் சாக்கடைக்குப் போகாமல், கேனில் அடைத்து அவரிடமே போகிறது. அவர் அதைப் பழைய ஆயில் எடுப்பவரிடம் விற்றுக்கொள்கிறார்.