சர்வர் ரேக் போடப் போகிறீர்களா? நாங்கள் ஏமாந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்

எங்கள் கம்பெனியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இரண்டு பச்சை மூடிகள் இருந்தன. ஜிஎஸ்டியோடு சேர்த்து அந்த இரண்டுக்கும் நாங்கள் கொடுத்தது 47,200 ரூபாய். பில்லில் "கெமிக்கல் எர்த்திங், காப்பர் பூசிய 3 மீட்டர் எலெக்ட்ரோடு, 2 எண்ணம்" என்று போட்டிருந்தது. அதாவது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இரண்டு எர்த் குழி. மூடிக்கு அடியில் என்ன இருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை எனக்கு. சர்வர், நெட்வொர்க், கேமரா, கைரேகை மெஷின் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷம் எங்கள் நான்கு சர்வர்களும் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மூலையில் ஒரு இரும்பு ஸ்டாண்டில்தான் கிடந்தன. பையர் ஆடிட்டுக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவர்கள் சார்பில் கம்பெனியைச் சோதிக்க, வந்தவர்கள் அதைப் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டுப் போனதும் முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தனி ரூம் போட்டு முறையா ரேக் வெச்சிருப்பா." ரேக் என்றால் சர்வர்களை அடுக்கி வைக்கிற இரும்பு அலமாரி. முதல் மாடியில் ஒரு ரூமை ஒழித்துக் கொடுத்தார்கள். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மற்ற இருவரும் ரேக்குக்கு மட்டும் விலை கொடுத்திருந்தார்கள். இவர்கள் சைட் சர்வே, வயரிங், எர்த்திங், ரேக், பொருத்துவது எல்லாம் ஒரே கையில் என்றார்கள். வரிக்கு முன் 2,10,000. வரியோடு 2,47,800. பாதி அட்வான்ஸ், சரக்கு இறங்கியதும் 40 சதவீதம், வேலை முடிந்ததும் மீதி 10 சதவீதம். இந்தக் கணக்கிலேயே நான் தோற்றுவிட்டேன் என்று அப்போது உறைக்கவில்லை.

சர்வே என்று ஒரு பையன் வந்தான். செல்போனில் ஏழெட்டு போட்டோ எடுத்தான், டீ குடித்தான், போய்விட்டான். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு நாளில் எட்டுப் பக்க ரிப்போர்ட் வந்தது. நானும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிறகு பிரச்சினை வெடித்த அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், தரைக்கு மேல் 300 மில்லிமீட்டர் உயரத்தில் ஃபால்ஸ் ஃப்ளோர், அதாவது கேபிள் ஓட இடம் விட்டுப் போடும் இரண்டாவது தரை, இருப்பதாக எழுதியிருந்தது. எங்கள் ரூமில் இருப்பது வெறும் டைல்ஸ். வேறு யாருக்கோ கொடுத்த ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதற்கு 15,000 தனி பில்.

ரேக் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். 42 யூ ரேக் என்றால் சர்வர் உட்காரும் உயரம் மட்டும் 1.87 மீட்டர் வரும், ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம். மேல்தட்டு, அடித்தட்டு, சக்கரம் எல்லாம் சேர்த்தால் 2 மீட்டரைத் தாண்டிவிடும். எங்கள் லிஃப்ட் கதவு சரியாக 2 மீட்டர். சாய்த்து ஏற்றலாம் என்றால் உள்ளே ஆழம் போதவில்லை. படிக்கட்டில் திருப்பம் நாலடிதான். போன் போட்டேன். "தூக்கிட்டுப் போறது கஸ்டமர் ஸ்கோப்புங்க சார்" என்றார்கள், அதாவது அது உங்கள் பொறுப்பு. சர்வேக்குக் காசு வாங்கியவர்கள்தானே இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டதற்கும் அதே பதில். அடுத்த ஒரு மாதத்தில் இந்த "கஸ்டமர் ஸ்கோப்" என்ற வார்த்தையை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. கடைசியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்து ஆறு பேரைக் கூப்பிட்டு, பக்கத் தகடு, கதவு எல்லாவற்றையும் கழற்றி, கயிறு கட்டி மேலே ஏற்றினோம். எறும்பு மாதிரி ஒவ்வொரு படியாக, ஒன்றேகால் மணி நேரம்.

இந்தக் களேபரம் தொடங்கும் முன்பே லாரி டிரைவர் அவசரப்படுத்தினார் என்று டெலிவரி சலானில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அட்டை கூடப் பிரிக்கவில்லை. பிரித்த பிறகு பார்த்தால், கொட்டேஷனில் 1200 மில்லிமீட்டர் ஆழம், முன்னும் பின்னும் துளை போட்ட கதவு. வந்திருந்தது 1000 ஆழம், முன்னால் கண்ணாடிக் கதவு.

கண்ணாடிக் கதவு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் சூட்டைத் தள்ளுகிற சாதனம். முன்னால் கண்ணாடியை வைத்து அடைத்தால் அது மூச்சுக்கு எங்கே போகும்? ஸ்விட்சும் பேட்ச் பேனலும் மட்டும் வைக்கிற இடத்துக்கு அந்தக் கதவு பரவாயில்லை. எங்கள் ரூமில் ஏசி 23 டிகிரி காட்டும்போது கதவுக்கு உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 34. உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது ஆஷ்ரே என்ற ஏசி பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. எங்கள் லோடு இரண்டரை கிலோவாட், ஒரு டன் ஏசி எடுக்கும் சூடு 3.5 கிலோவாட், எங்களிடம் இருப்பது ஒன்றரை டன். ஆக ஏசியைக் குறை சொல்லவும் வழியில்லை. இன்றைக்கும் அந்தக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துத்தான் வைத்திருக்கிறோம். ஆழம் குறைந்ததால் பின்பக்கம் கேபிளும் பிடியூவும் (சர்வர்களுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் சாக்கெட் பட்டை) சேர்ந்து பிதுங்கி, பின்கதவும் மூடுவதில்லை. முன்கதவு இல்லை, பின்கதவு மூடாது. பஞ்சு பறக்கிற ஊரில் இதுதான் எங்கள் பாதுகாப்பான சர்வர் ரூம்.

பொருத்த வந்த பையன் நல்ல பையன், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டை நீட்டினான். "நாளைக்கு செக் பண்ணிட்டுப் போடறேன் தம்பி" என்றேன். "சைன் இல்லாமப் போனா இன்னைக்கு பேட்டா தரமாட்டாங்கண்ணா" என்றான். போட்டேன். அவன் போன பிறகு, மறுநாள் ஒரு சர்வரை ரெயிலில் முன்னால் இழுத்தபோது மொத்த ரேக்கும் என்னை நோக்கி நகர்ந்து வந்தது. தரையில் ஊன்றும் கால்களை இறக்காமல் நாலு சின்னச் சக்கரத்தின் மேலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கவிழாமல் தடுக்கும் பட்டை அட்டைப்பெட்டிக்குள் கவர் பிரிக்காமல் கிடந்தது. கிட்டத்தட்ட 300 கிலோ. நானும் இன்னொருவரும் இருந்ததால் பிடித்துக்கொண்டோம்.

அப்போதும் நான் சந்தேகப்படவில்லை. கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள், ஷிப்மெண்ட் போகிற அன்று, எங்கள் ஆள் ஒருவர் தூசி ஊதும் புளோயரை ரேக்கில் இருந்த பிடியூவிலேயே சொருகி ஆன் செய்தார். தப்புதான், அதை மறைக்கவில்லை. லோடு கூடினால் தானாக அணையும் எம்சிபி ஸ்விட்ச் விழுந்தது. நான்கு சர்வரும் ஒரே நேரத்தில் அணைந்தன. அப்படி ஆகவே கூடாது. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. ஒன்று ஏ லைன் பிடியூவில், இன்னொன்று பி லைன் பிடியூவில். ஒரு லைன் போனால் அடுத்தது தாங்க வேண்டும், அதற்குத்தான் யூபிஎஸ் பேனலில் இருந்து இரண்டு தனி 32 ஆம்பியர் லைன் என்று காசு கொடுத்தோம். பின்பக்கம் கேபிள் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். பி பிடியூவின் வயர் ஏ பிடியூவின் கடைசி சாக்கெட்டில் சொருகியிருந்தது. அந்த ஏ பிடியூவும் 32 அல்ல, ஒரே ஒரு 16 ஆம்பியர் எம்சிபியில் இருந்து வந்தது. ஸ்டிக்கர் மட்டும் ஏ, பி என்று சிவப்பிலும் நீலத்திலும் அழகாக ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் மில் எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அறுபது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். 14 வோல்ட். "இது ஒண்ணு ரெண்டுக்குள்ள இருக்கோணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முதல் மூடியைத் திறந்தார். ஒரு இரும்புக் குழாயின் தலை தெரிந்தது, அதில் வயரை முறுக்கி போல்ட் போட்டிருந்தார்கள். எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். 120 ஓமுக்கு மேலே காட்டியது. எர்த்துக்கு இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அவர் குனிந்து அந்தக் குழாயைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி இழுத்தார். கையோடு வந்துவிட்டது. முள்ளங்கி பிடுங்குவது மாதிரி. ஒன்றரை அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டு, அவ்வளவுதான். பத்தடிக் குழியும் இல்லை, காப்பர் ராடும் இல்லை, ரசாயன மண் மூட்டையும் இல்லை. இரண்டாவது மூடியிலும் அதே கதைதான்.

குழி தோண்டுகிற அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் ஊரில் இல்லை. டிரில் மெஷின் ஓடுகிற போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். "சூப்பர்" என்று பெருவிரலைக் காட்டியிருக்கிறேன், இன்றைக்கும் அந்த சாட்டில் இருக்கிறது. இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் சிவப்புச் செங்கல் சுவர். எங்கள் காம்பவுண்டு முழுக்க ஹாலோ பிளாக்.

போன் செய்தேன். அந்தக் கோயம்புத்தூர்ப் பார்ட்டியின் முதலாளி என்று சொல்லிக்கொள்பவர் எடுத்தார். "சர்வே ரிப்போர்ட், சலான், இன்ஸ்டலேஷன் மூணுலயும் நீங்கதானே சார் சைன் பண்ணிருக்கீங்க? வேலை முடிஞ்சு பத்து நாள் கழிச்சு இப்படிச் சொன்னா எப்படிங்க?" குரலில் கோபமே இல்லை. பல பேரிடம் சொல்லிப் பழகிய பேச்சு. அதற்கு மேல், மீதி 24,780 ரூபாயை உடனே அனுப்பாவிட்டால் சிறு நிறுவனங்கள் பணம் வராததற்குப் புகார் கொடுக்கும் அரசு தளமான எம்எஸ்எம்இ சமாதான் போர்ட்டலில் எங்கள்மேல் புகார் போடுவேன் என்றார்.

அந்த மிரட்டல் சும்மா இல்லை. 2006-ஆம் வருட எம்எஸ்எம்இடி சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எங்கள் ஆடிட்டர்தான் காப்பாற்றினார். சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபணை தெரிவித்தால், அந்தக் குறையை அவர்கள் சரிசெய்யும் நாளைத்தான் ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்கில் எடுப்பார்கள் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. போனில் கத்தினால் கணக்கில் வராது, எழுத்தில் வேண்டும். அன்று 12-ஆம் நாள். குழாயோடு சேர்த்துப் பிடித்த டேப், மீட்டரில் 14, 120 என்ற எண்கள், பி பிடியூ சொருகியிருந்த விதம் என எல்லாப் போட்டோவையும் வைத்து அன்று இரவே மெயில் போட்டேன், மறுநாள் பதிவுத் தபாலும். அவர்கள் போர்ட்டல் பக்கமே போகவில்லை. ஆனால் கொடுத்த 2,23,020-ம் திரும்பவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலைக் கேட்டோம். 2019-ஆம் வருடச் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை, சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்கிற தனி ஆளுக்குத்தான் விலக்கு என்றார். சிவில் கேஸ் போடலாம், எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். வக்கீல் வேண்டாம் என்கிறார். ஆள் மாறலாம், இந்த வித்தை மாறாது என்பதால் எழுதுகிறேன். உங்களிடம் யாராவது "டர்ன்கீ", அதாவது எல்லா வேலையும் ஒரே கையில், என்று வந்தால், லாரி நிற்கிற இடத்தில் இருந்து ரேக் நிற்கப்போகிற இடம் வரை அவர்கள் முன்னாலேயே டேப் பிடித்து நடந்து பாருங்கள். எர்த் பிட் போடுகிற நாளில் கல்யாணமே இருந்தாலும் குழி பக்கத்தில் நில்லுங்கள், ராடு இறங்குவதை வீடியோ எடுங்கள், ஓம் அளவு வராமல் மூடி போட விடாதீர்கள். ஏ லைன் எம்சிபியை உங்கள் கையால் இறக்கிவிட்டு சர்வர் நிற்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பி லைன். சலானில் "பிரித்துச் சரிபார்த்த பிறகே ஏற்கப்படும்" என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேட்டா பிரச்சினை என்றால் அந்தப் பையனுக்கு 500 ரூபாயை உங்கள் பாக்கெட்டில் இருந்தே கொடுங்கள், எனக்கு அது மலிவாக முடிந்திருக்கும். கடைசிப் பணம் 10 சதவீதம் என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். 10 சதவீதத்தை விட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு ஒரு கஷ்டமே இல்லை, 30 என்றால் யோசிப்பார்கள்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஆள் வைத்து இரண்டு குழியும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். இப்போது நியூட்ரல்-எர்த் 0.8 வோல்ட். பழைய பச்சை மூடிகள் நல்ல மூடிகள்தான் என்று சொல்லி அவற்றையே மேலே போட்டுவிட்டார். அந்த ஒன்றரை அடிக் குழாய் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. போன வாரம் கேமரா கொட்டேஷனோடு வந்த ஒருவர் "என்னங்க சார் இது?" என்று கேட்டார். "ஒரு எர்த் பிட்டுங்க" என்றேன்.