பதில் எங்கே தயாராகிறது? மொபைலுக்குள் ஓடும் ஏஐயும் தொலைவில் ஓடும் ஏஐயும்

எந்த ஏஐ நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் பதிலின் தரத்தைத்தான் ஒப்பிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்க வேண்டியது வேறு. நாம் கொடுத்த பேச்சும் படமும் எழுத்தும் எங்கே போய் அலசப்படுகின்றன? நம் மொபைலிலேயே கணக்கை முடித்துவிடுவது ஒரு வகை. இணையம் வழியாக எங்கோ இருக்கும் டேட்டா சென்டருக்கு, அதாவது பெரிய கணினிகள் நிறைந்த கூடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பதிலை வாங்கித் தருவது இன்னொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் பலருக்கு வித்தியாசம் உறைப்பதே இல்லை.

முதல் வகையை நாம் வெகுநாளாகப் பயன்படுத்துகிறோம். 2017இல் ஐபோன் டென்னில் வந்த, முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் ஃபேஸ் ஐடி, முகத்தின் அளவீட்டை அந்தக் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. கீபோர்டு அடுத்த சொல்லை ஊகிப்பதும், இணையம் இல்லாமல் மொழிபெயர்ப்பதும் பெரும்பாலும் உள்ளேயே நடப்பவை. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற அரட்டை ஆப்கள் இரண்டாம் வகை.

திறமையில் தொலைவில் இருப்பதுதான் மேல், சந்தேகமில்லை. காரணம் அளவு. ஏஐயின் மூளையாக இயங்கும் மென்பொருளை மாதிரி (மாடல்) என்கிறார்கள். 2020இல் வந்த ஜிபிடி-3 மாதிரியில் 17,500 கோடி பாராமீட்டர்கள், அதாவது பயிற்சியில் கற்றதைத் தாங்கும் எண்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்று வைத்தாலே 350 ஜிபி நினைவகம் வேண்டும்; எந்த மொபைலிலும் அது ஏறாது. 2024இல் ஆப்பிள் தன் கருவிகளுக்காக உருவாக்கிய மாதிரியில் இருப்பது ஏறக்குறைய 300 கோடி. ஒவ்வொரு பாராமீட்டரையும் அரை பைட்டாகச் சுருக்கினால் 1.5 ஜிபியில் அடங்கிவிடும். சுருங்கும்போது முதலில் போவது உலக அறிவு. அதனால் நாமே ஒரு கட்டுரையைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் சின்ன மாதிரி ஓரளவு ஒழுங்காகச் செய்யும். ஒரு நோயைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ வெறுமனே கேட்டால் இல்லாததைத் துணிந்து சொல்லும். பெரிய மாதிரியும் இப்படிச் சொல்வதுண்டு, ஆனால் குறைவு. பலவற்றால் இணையத்தில் தேடிப் பார்க்கவும் முடியும்.

தமிழுக்கு வந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலம். 2023இல் மெட்டா வெளியிட்ட லாமா 2 மாதிரியின் பயிற்சித் தரவில், அதாவது அதற்குக் கற்றுக்கொடுக்கப் பயன்பட்ட எழுத்துகளில், கிட்டத்தட்ட 90 விழுக்காடு ஆங்கிலம். மிச்சத்தை உலகத்து மொழிகளெல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பேச்சை எழுத்தாக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பரை நம் கணினியிலேயே ஓட்டலாம். ஆனால் அதிலும் பெரிய பதிப்புதான் தமிழுக்குக் கொஞ்சமாவது கைகொடுக்கும், அதற்கு நல்ல கணினி வேண்டும். வசதி குறைந்த கருவி வைத்திருப்பவரும் சிறுபான்மை மொழி பேசுபவரும் தொலைவுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அந்தரங்கம் என்பது புது மொபைலோடு மட்டும் வரும் வசதியாக இருக்கக் கூடாது.

சரி, அனுப்பினால் என்ன ஆகிவிடும்? ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி பதிவுசெய்த பேச்சில் ஒரு பகுதியை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுத் தரம் பார்த்தது 2019இல் வெளியே வந்தது. ஆப்பிள் அந்த வேலையை நிறுத்திவைத்து மன்னிப்புக் கேட்டது. அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸாவில் பதிவான குழந்தைகளின் குரலை விதிகளுக்கு மாறாக வைத்திருந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்ட, 2023இல் 2.5 கோடி டாலர் செலுத்த அமேசான் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் உள் நிரல்களை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவர, நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், 2025 மே மாதத்தில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி ஓப்பன்ஏஐக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. சில மாதங்களில் அந்தக் கட்டாயம் தளர்ந்தாலும், அழித்தது அழிந்துவிட்டது என்ற நம்பிக்கைக்கு எல்லை உண்டு என்பது அன்று தெரிந்தது.

இவற்றில் எதுவும் ஹேக்கர் வேலை இல்லை. தரவு இன்னொருவர் கையில் இருந்ததால் வழக்கமாக நேரக்கூடியவை, அவ்வளவுதான். தரம் பார்க்க ஆள் வரும், வழக்கு வரும், விதிமுறையும் மாறும். கடைசியாகச் சொன்னதற்கும் உதாரணம் உண்டு: அலெக்ஸா இயங்கும் எக்கோ ஸ்பீக்கர்கள் சிலவற்றில் குரலை வெளியே அனுப்பாமல் உள்ளேயே கையாளும் தேர்வு இருந்தது, 2025 மார்ச் 28 முதல் அமேசான் அதை எடுத்துவிட்டது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நாம் அனுப்புவது நம்முடையதாக மட்டும் இருப்பதில்லை. நண்பர் மனம்விட்டு எழுதிய செய்தியை ஒட்டி ‘இதற்கு எப்படிப் பதில் எழுதலாம்’ என்று கேட்கிறோம். அம்மாவின் பரிசோதனை முடிவைப் படம் எடுத்து விளக்கம் கேட்கிறோம். அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது, அவர்களுக்கே தெரியாத ஒரு சர்வருக்குப் போகிறது. உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லும் தேர்வு பல அரட்டை ஆப்களில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது. ஆனால் அது பயிற்சியை மட்டுமே தடுக்கும். சேமிப்பைத் தடுக்காது.

மொபைலுக்குள் ஓடுவதிலும் குறை உண்டு. கருவி சூடாகும், பேட்டரி இறங்கும், பழைய மாதிரி புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். அப்புறம், மொபைலே திருடு போனால் பூட்டு எவ்வளவு பலமானதோ அவ்வளவுதான் பாதுகாப்பு. இவை எனக்குத் தாங்கக்கூடிய குறைகளாகவே படுகின்றன.

அதனால் என் பிரிப்பு இது: உடல்நிலை, குடும்பப் படங்கள், பிறர் நம்பி எழுதியவை, கூட்டத்தில் பேசியதன் பதிவு ஆகியவை உள்ளேயே முடியட்டும், பதில் கொஞ்சம் மட்டமாக வந்தாலும் பரவாயில்லை. பாடம் கற்பது, பொது அறிவு, நிரல் எழுதப் பழகுவது எல்லாம் தாராளமாக வெளியே போகலாம். இடையில் வருவதை, அதாவது அந்தரங்கமானது ஆனால் சின்ன மாதிரியால் முடியாதது என்பதை, பெயர், தேதி, எண் எல்லாம் நீக்கிவிட்டு அனுப்பலாம். பரிசோதனை முடிவு என்றால் படத்தை அனுப்பாமல், புரியாத சொல்லையும் அளவையும் மட்டும் தட்டச்சு செய்து கேட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஒரு வசதி எந்த வகை என்று தெரியாவிட்டால் மொபைலை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை இயக்கிப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் அநேகமாகத் தொலைவைச் சார்ந்ததுதான். வேலை செய்தால் கணக்கு உள்ளே நடக்கிறது. ஆனாலும் இணையம் திரும்பியதும் அந்த ஆப் எதையாவது அனுப்புகிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். சாம்சங்கின் கேலக்ஸி ஏஐ உள்ள மொபைல்களில் தரவைக் கருவிக்குள் மட்டும் கையாளச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் சில வசதிகள் நின்றுபோகும். எவை நின்றன என்று பார்த்தாலே, அதுவரை எவையெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தன என்பது தெரிந்துவிடும்.