கேத்திப் பள்ளத்தாக்கில் பிஹெச் மீட்டர்: எலக்ட்ரோடு மாற்றிய கையோடு எழுதுவது

கோத்தகிரிப் பக்கம் தேயிலையை எடுத்துவிட்டுக் கேரட்டும் முட்டைக்கோஸும் போடத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். “அண்ணா, பிஹெச் மீட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பேனா மாதிரி வர்றது போதுங்களா, இல்ல ஒயர் வெச்சதுதான் வேணுங்களா?” என்றார். மண்ணும் தண்ணீரும் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று எண்ணில் காட்டும் கருவி அது; 7 நடுநிலை, அதற்குக் கீழே போனால் புளிப்பு. அவர் கேட்ட நேரம், என் மீட்டருக்குப் புது எலக்ட்ரோடு (தண்ணீரில் விட்டு அளக்கும் முனை) மாட்டி, அது ஒழுங்காக வராமல் நான் கொதித்துக்கொண்டிருந்த நேரம். போனில் சொன்னதில் பாதி கோபம். இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒயர் வைத்த கையடக்க மீட்டர். கண்ணாடிக் குமிழ் எலக்ட்ரோடு, கூடவே வெப்பநிலை பார்க்க ஒரு கம்பி. மீட்டர் வாங்கிப் பல வருடம் ஆகிறது. சாரலில் நனைந்திருக்கிறது, பாத்தியில் விழுந்திருக்கிறது, இன்றும் நன்றாக ஓடுகிறது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வழக்கெல்லாம் அந்த எலக்ட்ரோடு எங்கள் ஊர்த் தண்ணீரில் நடந்துகொள்ளும் விதத்தோடுதான்.

ஜனவரிக் காலையில் தோட்டத்துக்கு மேலே இருக்கும் ஊற்றுத் தொட்டியில் தண்ணீர் எடுத்து எலக்ட்ரோடை விடுகிறேன். 6.8 காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் 6.6. டம்ளரை லேசாகச் சுழற்றினால் 6.3-க்குத் தாவுகிறது. சுழற்றுவதை நிறுத்தினால் மெல்ல மேலே ஏறுகிறது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கிறது. இதில் எதை நோட்டில் எழுதுவது? அதே எலக்ட்ரோடை பஃபரில் (பிஹெச் இவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல்) விட்டால் ஒரு நிமிடத்துக்குள் கல் மாதிரி நிற்கிறது. அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறும். கருவி கெட்டிருந்தால் மாற்றிவிடலாம். கருவி நன்றாக இருந்தும் எண் நிற்கவில்லை என்றால் யாரைப் பிடித்துக் கேட்பது?

காரணம் இரண்டு. முதலாவது குளிர். எலக்ட்ரோடின் நுனியில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக்கு மின்தடை மிக அதிகம், மெகாஓம் கணக்கில் வரும். 10 டிகிரி குறைந்தால் அந்தத் தடை இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அதனால்தான் சென்னையில் ஒருவர் அரை நிமிடத்தில் எடுக்கும் ரீடிங்குக்கு நாங்கள் காத்துக் கிடக்கிறோம். மீட்டரில் ‘தானியங்கி வெப்பநிலைத் திருத்தம்’ இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். அது திருத்துவது வேறு விஷயம். ஒரு பிஹெச் அளவுக்கு எலக்ட்ரோடு தர வேண்டிய மின்னழுத்தம் 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட், 10 டிகிரியில் 56.2. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலிருந்து வரும் கணக்கு இது. மீட்டர் இந்தக் கணக்கை மட்டும்தான் சரிசெய்யும். பிஹெச் 4.5 உள்ள தேயிலை மண்ணில் இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் வரும் பிழையே 0.1 சொச்சம்தான். குமிழ் சோம்பிப்போவதற்கு அதில் மருந்து கிடையாது.

பஃபரும் குளிரில் மாறும். 25 டிகிரியில் 7.00 ஆக இருப்பது 10 டிகிரியில் 7.06. பாட்டிலின் முதுகில் அட்டவணை ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு காலிபரேஷன் செய்யுங்கள், அதாவது மீட்டரைப் பஃபரின் எண்ணுக்குச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது காரணம்தான் பெரிய தலைவலி. எங்கள் ஊற்றுத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை விட்டால் முப்பது, நாற்பது என்று காட்டும். குடிக்க அருமையான தண்ணீர், பருப்பு வேக அருமையான தண்ணீர், பிஹெச் எலக்ட்ரோடுக்கு மட்டும் ஆகாத தண்ணீர். எலக்ட்ரோடின் பக்கவாட்டில் பொடித் துளை ஒன்று உண்டு, ஜங்ஷன் என்பார்கள். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு அதன் வழியாகத் துளித்துளியாகக் கசிந்து வெளித் தண்ணீரோடு மின்தொடர்பு கொடுக்க வேண்டும். வெளியே அயனிகள் போதுமான அளவு இருந்தால் அந்த இடத்து மின்னழுத்தம் நிலையாக இருக்கும். இல்லாவிட்டால் தண்ணீரைக் கலக்கினால் ஒன்று, விட்டால் ஒன்று. போதாததற்கு, இப்படிப்பட்ட தண்ணீருக்குப் பிஹெச் மாறாமல் தாங்கும் சக்தியும் கிடையாது. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய பிஹெச் நிஜமாகவே நகரும். சுத்தமான தண்ணீர்கூடக் காற்றுபட இருந்தால் 5.6 வாக்கில்தான் போய் நிற்கும். அளக்கும் பொருளே மாறிக்கொண்டிருக்கும்போது எண் எப்படி நிற்கும்?

என் மீட்டரோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ‘ரீடிங் நிலைக்கும் வரை காத்திருக்கவும்’, அவ்வளவுதான். மலையில் விற்கும் பொருளுக்கு மலைத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டாமா?

தண்ணீருக்கு நான் செய்வது இது. லேப் தர பொட்டாசியம் குளோரைடு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, டம்ளரை மூடியபடி அளக்கிறேன். பிஹெச் மிகச் சிறிதளவு நகரலாம், ஆனால் எண் நிற்கிறது. உரக்கடைப் பொட்டாஷ் இதற்கு ஆகாது. எலக்ட்ரோடின் மேல் பக்கத்து ரப்பர் மூடியைத் திறந்து வைத்து அளக்க வேண்டும், உள்ளே இருக்கும் திரவம் வெளித் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கசிவு வெளிப்பக்கம் போகும். பேனா வகைகளில் பெரும்பாலும் ஜெல் அடைத்து மூடிவிடுகிறார்கள், கசிவு மிகக் குறைவு. நம் தண்ணீருக்கு அது இன்னும் மோசம். தம்பி கேட்டதற்கு இதிலேயே பதில் இருக்கிறது: வாங்குவதானால் ஒயர் வைத்தது, அதிலும் திரவம் நிரப்புகிற மாதிரி.

இனி, இந்தக் கருவியை நான் கைவிடாததற்குக் காரணம்.

மண்ணை ஊற்றுத் தண்ணீரிலோ டிஸ்டில்டு வாட்டரிலோ கரைத்து அளந்தாலும் இதே ஆட்டம்தான், கொஞ்சம் குறைவாக. அடியில் படிந்த சேற்றில் எலக்ட்ரோடு தொட்டால் ஓர் எண், மேலே தெளிந்த தண்ணீரில் வேறோர் எண். மண் வேலை தெரிந்த ஒருவர் கால்சியம் குளோரைடில் கரைத்துப் பார்க்கச் சொன்னார். 1955-ல் ஸ்கோஃபீல்டும் டெய்லரும் எழுதிய முறை, வெளிநாடுகளில் பல ஆய்வகங்களில் இதுவே வழக்கம். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு, படிகநீர் உள்ள கால்சியம் குளோரைடு 1.47 கிராம். நிழலில் உலர்த்திச் சலித்த மண் 10 கிராம், இந்தக் கரைசல் 25 மில்லி. நன்றாகக் குலுக்கி அரை மணி நேரம் விட்டால் செம்மண் கலங்கல் தானாக அடியில் படிந்து, மேலே கண்ணாடியாகத் தெளிகிறது. எலக்ட்ரோடை விட்டேன். 4.9. கலக்கினேன், 4.9. திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதே 4.9. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தண்ணீரில் அளந்தால், உரம் போட்ட பின் ஒரு பிஹெச், தென்மேற்கு மழை உப்பையெல்லாம் கழுவிய பின் இன்னொரு பிஹெச் என்று ஒரே பாத்தி ஆளை ஏமாற்றும். கால்சியம் குளோரைடில் அந்த ஏற்ற இறக்கம் வெகுவாக அடங்கிவிடுகிறது. போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்த முறையில் வரும் எண், தண்ணீரில் வருவதைவிட ஏறக்குறைய அரைப் புள்ளி குறைவாக இருக்கும். நம் மண் பரிசோதனை அட்டையில் இருப்பது தண்ணீர்க் கணக்கு. இரண்டையும் குழப்பினால், மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டோலமைட் கல்பொடியை அள்ளிக் கொட்டிவிடுவோம். முட்டைக்கோஸில் கிளப் ரூட் என்னும் வேர் வீக்க நோய் வந்த பாத்திக்கு 7-க்கு மேல் ஏற்ற வேண்டும், உருளைக்கிழங்குக்கு அவ்வளவு ஏற்றினால் தோலில் சொறி வரும், தேயிலைக்கு 4.5 முதல் 5.5 போதும். ஒரே சரிவில் மூன்றையும் வைத்திருப்பவனுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். 1934-ல் அமெரிக்க வேதியியலர் பெக்மேன் தன் பிஹெச் மீட்டரைச் செய்ததே எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத்தான். விளைபொருளுக்காகப் பிறந்த கருவி விளைநிலத்துக்கு உதவுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நைட்ரேட்டுக்கும் இப்படி ஒன்று இருக்காமே என்றும் தம்பி கேட்டார். இருக்கிறது, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் சவ்வு. ஆனால் மண்ணில் குளோரைடு மிகுந்திருந்தால் அதையும் சேர்த்து நைட்ரேட் என்று சொல்லும். பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் குளோரைடுதான், அதைத் தாராளமாகப் போடுகிற நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இப்போது அந்தப் புது எலக்ட்ரோடு. நன்றாகப் பராமரித்தாலும் குமிழுக்கு வயதாகும், பயன்படுத்தினாலும் ஆகும், சும்மா வைத்தாலும் ஆகும். பழையது மெல்ல மெல்லச் சோர்ந்துபோனது, அதில் வருத்தமில்லை. புதிதைக் கீழே சமவெளியில் ஒரு கடையில் வாங்கினேன். விலை மீட்டர் விலையில் பாதிக்கு மேல். வீட்டில் வந்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை, பஞ்சு காய்ந்து மொறுமொறு என்றிருக்கிறது. எத்தனை காலம் அலமாரியில் கிடந்ததோ! பொட்டாசியம் குளோரைடில் இரவெல்லாம் ஊறவைத்தேன். பஃபர் 7-லிருந்து 4-க்கு மாற்றினால் 170 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வர வேண்டும், 145-ஐத் தாண்டவில்லை. கடைக்காரர் “ஊறினா சரியாயிடுங்க” என்கிறார். இரண்டாவது வாரமும் ஊறிக்கொண்டிருக்கிறது. திருப்பி எடுக்கவும் மாட்டாராம்.

அதனால் தம்பிக்கு என் பதில்: வாங்காதீங்க. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். ஒரே பயிர், ஒரே நிலம், வருடத்துக்கு ஒருமுறை டோலமைட் என்றால் மண்ணை ஆய்வகத்தில் கொடுங்கள், அது போதும். இல்லை, முட்டைக்கோஸுக்கும் உருளைக்கும் மாற்றி மாற்றிப் பாத்தி போடுபவராக இருந்து, வாங்கியே தீருவேன் என்றால், போகும்போது 4, 7 பஃபர்களைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். கடையிலேயே மூடியைக் கழற்றி ஈரம் பாருங்கள், மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து எலக்ட்ரோடை இரண்டு பஃபரிலும் விட்டுப் பாருங்கள். பார்க்க விடவில்லை என்றால் காசைக் கொடுக்காமல் அடுத்த பஸ்ஸில் மலை ஏறிவிடுங்கள்.