கேமலா, மியூலா? தோற்ற செய்தியை வைத்து ஓர் அலசல்

கிடங்கு மென்பொருளும் கணக்கு மென்பொருளும் வெளி விற்பனைத் தளமும் ஆர்டர்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான ஒருங்கிணைப்புத் தளத்தைத் தேடியபோது கடைசிச் சுற்றில் நின்றவை அப்பாச்சி கேமல், மியூல்சாஃப்ட் (சுருக்கமாக மியூல்) இரண்டும்தான். நாங்கள் கேமலை எடுத்தோம். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 2007இல் வெளிவந்த கேமல் திறந்த மூல மென்பொருள். லைசென்ஸ் செலவு இல்லை. மியூல்சாஃப்ட் 2018 முதல் சேல்ஸ்ஃபோர்ஸ் வசம் இருக்கிறது. சந்தா கட்ட வேண்டும், அது சின்னத் தொகையும் அல்ல. வெளி மென்பொருள்களோடு இணைக்கும் ஆயத்தத் துண்டுகளான கனெக்டர்களுக்கு இரண்டிலுமே பஞ்சமில்லை. கேமலில் மட்டும் முன்னூறுக்கு மேல் இருக்கின்றன. ஒரு திட்டத்துக்குப் பத்தைத் தாண்டுவது அபூர்வம்.

தரவை உருமாற்றும் வேலையில் மியூலுக்கே வெற்றி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மியூலின் உருமாற்ற மொழியான டேட்டாவீவில் ஐந்து வரியில் முடிகிற ஜேசன் (தரவை எழுதும் ஒரு பொதுவான வடிவம்) மாற்றத்துக்குக் கேமலில் ஜாவா வகுப்பு எழுதுவோம், அல்லது எக்ஸ்எஸ்எல்டி, குரூவி என்று வேறு மொழிகளுக்காக வெளியில் கை நீட்டுவோம். இதற்காக மட்டுமே மியூலை எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஒரு செய்தி, அதாவது மென்பொருள்களுக்கிடையே பயணிக்கும் ஓர் ஆர்டர் போன்ற தரவு, நடுவழியில் தோற்றால் என்ன ஆகிறது, அதை மறுநாள் காலையில் யார், எப்படிச் சரிசெய்வது? ஒருங்கிணைப்பு வேலையில் பராமரிப்பு என்பதே பெரும்பாலும் இதுதான். செய்தி கடக்கும் படிகளின் வரிசையான ஃப்ளோவைப் புதிதாக எழுதுவது எப்போதாவது. தோற்ற செய்தியைத் தேடுவது அன்றாடம்.

ஓர் ஆர்டர் வருகிறது. நாங்கள் அதன் வடிவத்தை மாற்றி, வரித்தொகையைச் சேர்த்து, கணக்கு மென்பொருளுக்கு அனுப்புகிறோம். முகவரியில் பின்கோடு இல்லை என்று அது திருப்பி அடிக்கிறது. இரண்டு விநாடி இடைவெளியில் மூன்று முறை முயன்று பார், அதற்கும் மசியாவிட்டால் தோற்றவற்றை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் வரிசையில் போடு என்று கேமலில் எழுதிவிடலாம். எல்லோரும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படி நிறுத்தினால் வரிசையில் போய் விழுவது பாதி உருமாறிய செய்தி. பின்கோட்டைத் திருத்தி மீண்டும் ரூட்டின் (ஃப்ளோவுக்குக் கேமலில் பெயர்) தொடக்கத்தில் விட்டால் அது இரண்டாம் முறை உருமாறும். வரித்தொகையும் இருமுறை சேரும். மூலச் செய்தியையே வரிசைக்கு அனுப்பு என்ற அமைப்பை இயக்கினால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு நுணுக்கம்: ஆர்டர் கோப்பை ஸ்பிளிட்டர் கொண்டு பிரித்திருந்தால், மூலம் என்பது தோற்ற அந்த ஒற்றை ஆர்டரைத்தான் குறிக்கும், முழுக் கோப்பும் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து, தோற்ற காரணம். கேமல் பிழையைத் தன் உள்பண்பாகத்தான் வைத்துக்கொள்கிறது. செய்தி வரிசைக்குப் போகும்போது அது கூடப் போவதில்லை. காலையில் வரிசையைத் திறப்பவருக்கு ஆர்டர் இருக்கும், ஏன் தோற்றது என்பது இருக்காது; லாக்கைத் துழாவ வேண்டும். வரிசைக்கு அனுப்புவதற்குச் சற்று முன் ஓடும் சிறு ப்ராசஸர் (நாமே எழுதும் ஜாவா துண்டு) ஒன்றில் பிழையின் வாசகத்தையும் ரூட்டின் பெயரையும் செய்தியோடு கூடவே போகும் ஹெடரில் எழுதிவிட்டால் போதும். பத்து வரிகூட வராது. எங்கள் ரூட்களில் இதைவிடப் பயன்பட்ட பத்து வரி வேறில்லை.

திருப்பி விடும்போது ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகும் அபாயமும் உண்டு. ஆர்டர் எண்ணைத் திறவுகோலாக வைத்து, ஏற்கெனவே பார்த்ததைத் தள்ளிவிடும் வசதி இரண்டு தளங்களிலும் இருக்கிறது. கேமலில் அந்தப் பட்டியலை நினைவகத்தில் வைக்காமல் தரவுத்தளத்தில் வையுங்கள். நினைவகத்தில் வைத்தால் சர்வரை மறுபடி இயக்கியதும் எல்லாம் மறந்துபோகும்.

இவை அனைத்தும் மியூலிலும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. வித்தியாசம், அவற்றைப் படிப்பதிலும் சோதிப்பதிலும் இருக்கிறது. மியூல் 4இல் பிழையை விழுங்கி வெற்றி என்று பதில் சொல்வதற்கும், மேலே தள்ளிவிடுவதற்கும் இரண்டு கூறுகள் உண்டு. மியூலின் வடிவமைப்புக் கருவியான ஸ்டூடியோவின் படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்எம்எல் உரையில் ஒரே ஒரு சொல் வேறுபாடு. தவறானதை வைத்தால் அனுப்பியவருக்கு 200 (வெற்றி என்ற பதில் குறியீடு) போய்ச் சேரும், ஆர்டர் மட்டும் எங்கும் இருக்காது. டெட் லெட்டர் முறையில் கேமலும் பிழையைக் கையாண்டதாகவே கணக்கு வைக்கும், ஆகவே குழி அங்கேயும் உண்டு. ஆனால் கேமலில் அது ஜாவா வரி. சக ஊழியர் மாற்றத்தைப் படிக்கும்போது கண்ணில் படுகிறது. எக்ஸ்எம்எல்லுக்குள் அடையாள எண்களும் டேட்டாவீவ் துண்டுகளும் கலந்து கிடக்கும் மாற்றத்தை வரி வரியாகப் படிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடுகிறார்கள்.

சோதனையும் அப்படித்தான். கணக்கு மென்பொருளின் இடத்தில் ஒரு போலி முனையை மாட்டி, முதல் இரண்டு முறை தோற்று மூன்றாவதில் வெற்றி பெறச் சொல்லி, ஜாவாவின் வழக்கமான சோதனைக் கருவியான ஜேயூனிட்டில் சாதாரணச் சோதனையாக மடிக்கணினியில் ஓட்டலாம். நெட்வொர்க்கும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். மியூலின் சோதனைக் கருவியான எம்யூனிட்டும் நல்லதுதான். ஆனால் பில்ட் சர்வரில் (நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் கணினி) அதை ஓட்ட மியூலின் எண்டர்பிரைஸ் களஞ்சியத்தின் அணுகல் விவரங்கள் வேண்டும். அது காலாவதியானால் சோதனைகள் நிற்கும். நின்ற சோதனையை யாராவது தற்காலிகமாக அணைத்து வைப்பார்கள். அந்தத் தற்காலிகம் எவ்வளவு காலம் என்று சொல்லவே வேண்டாம்.

பதிப்பு மாற்றத்தில் இருவருமே படுத்துவார்கள். மியூல் 3இலிருந்து 4க்குப் போவது பெரும்பாலும் மறுபடி எழுதுவதுதான்: பழைய வெளிப்பாட்டு மொழி போய் டேட்டாவீவ் வந்தது, செய்தியின் அமைப்பும் பிழைக் கையாளலும் மாறின. 2023இல் வந்த கேமல் 4க்கு ஜாவா 17 கட்டாயம். ஜாவா நூலகங்களின் பெயர் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவாக மாறியதும் சேர்ந்தது. பெரிய வலி இல்லை. ஆனால் கேமலின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கே ஆதரவு ஏறத்தாழ ஓராண்டுதான். ஆண்டுதோறும் பதிப்பை உயர்த்தும் ஒழுக்கம் இல்லாத குழுவுக்கு இது பாரம்.

கண்காணிப்புப் பலகை, ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் நம்மை அழைக்கும் வாசல்) மேலாண்மை எல்லாம் மியூலில் கூடவே வரும். கேமலில் ப்ரொமீதியஸ், கிராஃபானா போன்ற கண்காணிப்புக் கருவிகளை நாமே கோத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். ஜாவா தெரிந்தவர்கள் குறைவாகவும், டஜன் கணக்கில் ஏபிஐகளை வெளியாருக்குத் திறந்துவிடும் தேவையும் இருக்கிற நிறுவனத்துக்கு நான் மியூலையே சொல்வேன். எஸ்ஏபி (பெருநிறுவன மேலாண்மை மென்பொருள்), இடிஐ (நிறுவனங்களுக்கிடையே ஆவணங்களை மின்வழி பரிமாறும் முறை) ஆகியவற்றோடு எனக்குப் பழக்கம் குறைவு. உங்கள் வேலையில் பெரும்பகுதி அவைதான் என்றால் இந்த அலசலை நம்பி முடிவெடுக்காமல், ஒரு நிஜக் கோப்பை இரண்டிலும் ஓட்டி, வேண்டுமென்றே தோற்கச் செய்து பாருங்கள்.